கிளாப் அடிக்காத ஷாட்

"அந்த நெஸ்தோர் பேரைத் தூக்கு பெங்! படம் முடிஞ்சு ஓடுற பட்டியல்ல அவன் பேரே இருக்கக் கூடாது!"

ஜோவெலின் கத்தினாள். டைரக்டராக அவளுக்கு இது முதல் படம். இலோயிலோ குறும்படப் போட்டியில் அதைக் கொடுக்க இன்னும் நாற்பதே நிமிஷம்.

பெங்கின் கம்ப்யூட்டரில் இருந்தது இலவச எடிட்டிங் சாஃப்ட்வேர்தான். ஆனாலும் தனியாக ரெக்கார்டரில் பதிந்த குரல், கிளாப் அடித்த இடத்தை வைத்து ஒவ்வொரு ஷாட்டிலும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. கடைசி ஷாட் மட்டும் முரண்டு பிடித்தது. அதில் வயசான மீனவர் வாயை மூடின பிறகு வசனம் வந்தது!

"சாஃப்ட்வேரே தானா சேர்த்துடும்னியே?"

"கேமராவுல பதிஞ்ச சத்தம் பூரா கடல் காத்து. எதை வெச்சு சேர்க்கும்? கிளாப் அடிச்சிருந்தாலாவது பரவால்ல."

"கேமரா, மைக், கிளாப் எல்லாமே அவன் வேலை. தூங்குமூஞ்சி! நான் பக்கத்துலயே நின்னு கண்கொத்திப் பாம்பா பாத்துட்டிருந்தேன். அப்பவும் கோட்டை விட்டுட்டான்!"

"பாத்தவ அப்பவே கேக்க வேண்டியதுதானே?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"சரி சரி. ஷாட்டோட ஆரம்பத்தை வேஸ்ட்டுன்னு வெட்டச் சொன்னியே, அதை இழுத்துப் பாக்கறேன்."

இழுத்தாள். திரையில் ஒரு விரல் மைக்கை மூன்று முறை தட்டியது. ஒலிக்கோட்டிலும் மூன்று குட்டி மேடுகள்.

"இதோ! இதோ!"

பெங் இரண்டையும் நேராக்கி ஓட விட்டாள். மீனவரின் உதடும் வசனமும் ஒன்றாக அசைந்தன.

"ஐயோ, சேர்ந்துடுச்சுடீ!"

ஜோவெலின் குதித்த குதியில் பன்சித் நூடுல்ஸ் தட்டு கவிழ்ந்தது. யாருக்கு வேண்டும் நூடுல்ஸ்! இருவரும் கட்டிப்பிடித்துக் கூத்தாடினார்கள்.

"அது சரி, கிளாப் பலகையைக் கையில வெச்சுக்கிட்டு எதுக்கு விரலால தட்டினான் அந்த மண்டு?"

பெங் ஒலியை இன்னும் கொஞ்சம் முன்னாலிருந்து ஓட விட்டாள். நெஸ்தோரின் குரல் கிசுகிசுத்தது.

"கிளாப் வேணாம் பெரியவரே. நம்ம டைரக்டர் படகுல சாஞ்சு தூங்குறா. மூணு நாளா பொட்டுத் தூக்கமில்ல, பாவம். நான் விரலால தட்டிக்கறேன். நீங்க யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க, அவ மானம் போயிடும்."