அங்கே என்ன விலை தெரியுமா?

"ஒரு நாள் ரூம் வாடகை வெறும் மூவாயிரமா? அடப் பாவிங்களா, சும்மா குடுக்குறாங்கன்னு சொல்லு!"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்த தங்கையிடம் செலவு மதிப்பீட்டுச் சீட்டை ஆட்டிக் காட்டிச் சிரித்தான் அண்ணன். அவள் புறங்கையில் மருந்து ஏற்ற ஊசி குத்தி, மேலே பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள். ஜன்னலோரம் நின்றிருந்த அவள் கணவன் சிரிக்கவில்லை. அவன் டூவீலர் மெக்கானிக். நான்கு நாளாகக் கடையைத் திறக்கவில்லை.

"உங்களுக்குச் சும்மா மாதிரி இருக்கும் மச்சான். நான் நாள் பூரா குனிஞ்சு ரெண்டு இன்ஜின் பிரிச்சு மாட்டினாத்தான் மூவாயிரம்."

"அதான் எல்லாத்தையும் நான் கட்டுறேன்ல மாப்பிள்ள? உங்ககிட்ட யாரு கேட்டா? இதே ஆபரேஷன் அங்க என்ன விலை தெரியுமா? ஒரு கோடி! இங்க பன்னண்டு லட்சத்துல முடியுது. எல்லாம் மலிவு, ஆனா எப்பப் பாரு பஞ்சப் பாட்டு."

மெக்கானிக் எதையோ சொல்ல வாயெடுத்தான். அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

வெளிநாட்டுக்குப் போய் ஒன்பது வருடமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத அண்ணன், ஆபரேஷன் என்றதும் விமானம் ஏறி வந்துவிட்டான். 'கூடப் பிறந்த பாசம் விட்டுப் போகுமா?' என்று உறவுக்காரர்கள் மெச்சினார்கள். வந்து இறங்கிய நாளிலிருந்து அவன் வாயில் பாசத்தைத் தவிர மற்ற எல்லாவற்றின் விலையும் வந்துகொண்டிருந்தது.

"அங்க ஒரு முட்டை வாங்குற காசுல இங்க ஒரு அட்டை முட்டையே வாங்கலாம். முடி வெட்டப் போனா ரெண்டாயிரம். குழாய் ஒழுகுதுன்னு பிளம்பரைக் கூப்பிட்டா, அவன் கதவைத் தட்டினதுக்கே தனியா ஒரு பில். நீங்கல்லாம் இங்க ராஜா வீட்டுக் கன்னுக்குட்டிங்க!"

"ராஜா வீட்டுக் கன்னுக்குட்டிக்கு அடுத்த மாச வீட்டு வாடகைக்கு வழியில்ல மச்சான்" என்றான் மெக்கானிக், இந்த முறை அடக்க முடியாமல். "அங்கத்து விலையை இங்கத்துக் காசுல சொல்றீங்க. எங்க வருமானத்தை எந்தக் காசுல சொல்றது?"

"இதான் உங்ககிட்ட. சொன்னா சுருக்குன்னு குத்தும்."

அறையைத் துடைக்க வந்த பெண், கால்களை நகர்த்தச் சொன்னாள். அண்ணன் அவளையும் விடவில்லை.

"ஏம்மா, அங்க இதே வேலைக்கு மணிக்கு ஆயிரத்து இருநூறு, தெரியுமா?"

"அப்படியா சார்? தரை எல்லா ஊர்லயும் ஒரே தரைதான். அந்த ரேட்டையே குடுத்துட்டுப் போங்களேன்."

அவன் சட்டென்று செல்போனில் எதையோ தேட ஆரம்பித்தான். அவள் துடைத்து முடித்து வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்வரை தலை நிமிரவில்லை. தங்கை உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள்.

மெக்கானிக் மெல்ல விஷயத்துக்கு வந்தான். "மச்சான், இவ அச்சகத்துல காகிதக் கட்டு தூக்குறவ. ஆபரேஷனுக்கு அப்புறம் மூணு மாசம் கனம் தூக்கக் கூடாதுங்கறாங்க. அச்சகத்துக்காரர் வேற ஆளைப் போட்டுட்டார்னா..."

"மூணு மாசத்துக்கு இவ சம்பளம் எவ்வளவு வரும்? நாப்பதாயிரமா?" அண்ணன் உதட்டைப் பிதுக்கினான். "அங்க என் காரை நிறுத்துற இடத்துக்கே ஒரு மாசத்துக்கு அதைவிட ஜாஸ்தி. இதெல்லாம் ஒரு நஷ்டம்னு மெனக்கெட்டுச் சொல்ல வந்துட்டீங்க!"

மெக்கானிக்கின் முகம் கறுத்துப்போனது. "விடுங்க" என்று அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள் மனைவி. "அண்ணன் சுபாவம் தெரிஞ்சதுதானே?"

கதவு திறந்தது. டாக்டர் ஒரு ஃபைலோடு உள்ளே வந்தார். "நான் இவங்ககிட்ட தனியாப் பேசணும். ரெண்டு பேரும் வெளிய இருங்க."

மெக்கானிக் உடனே நகர்ந்தான். அண்ணன் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"டாக்டர், நான் இவளோட அண்ணன். மொத்தச் செலவும் என்னோடது. எதுவா இருந்தாலும் என் முன்னாடியே பேசலாம்."

"அதனாலதான் முதல்ல உங்களைப் போகச் சொல்றேன்."

முணுமுணுத்துக்கொண்டே அவன் எழுந்தான். எழும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்று மூச்சு வாங்கினான். பிறகு கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனான்.

டாக்டர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து ஃபைலைப் பிரித்தார்.

"பயப்படாதீங்கம்மா, எல்லார்கிட்டயும் கேக்குறதுதான். நாளைக்குக் காலையில ஆபரேஷன். இப்பக்கூட நீங்க வேண்டாம்னு சொல்லலாம், காரணம் யாருக்கும் தெரிய வேண்டியதில்ல. உங்க உடம்புல ஒரு குறையும் இல்ல, ரெண்டு கிட்னியும் அருமையா இருக்கு. அதுல ஒண்ணை உங்க அண்ணனுக்குக் குடுக்கச் சொல்லி யாராவது கட்டாயப்படுத்தினாங்களா? அதுக்கு இவ்வளவு தர்றேன்னு அவர் ஏதாவது விலை பேசினாரா?"

அவள் சிரித்துவிட்டாள்.

"வந்ததுலேருந்து எல்லாத்துக்கும் விலை பேசிட்டாரு சார். இது ஒண்ணுக்குத்தான் பேசவே இல்ல."