அதிர்வு அளக்கும் நாள்

குவாரிச் சங்கு ஊதுகிறது. அங்காளம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கி வைக்கிறாள். படப்பை சாலைக்குப் பின்னால் பாறைக்கு வெடி வைக்கும்போதெல்லாம் இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் இதே வேலைதான். உத்தரத்திலிருந்து ஜன்னல்வரை ஓடும் சுவர் விரிசல் வழியாக மாலை வெயில் மெல்லிய கோடாக உள்ளே விழுகிறது. அதன் கீழே, சுரங்கப் பொறியியலில் ஆய்வு செய்யும் ஜீவிதா அதிர்வுமானியைத் தரையோடு அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். இன்று அளக்கப்போவதைக் குவாரிக்குச் சொல்லவில்லை. தெரிந்தவர் அவளுடைய வழிகாட்டி சுகுமார் சார் ஒருவர்தான். அவர் வாசலில் நின்று போனில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறார். எப்போதும் மலையே சரிந்தது போல் கேட்கும் வெடி, இன்று யாரோ கதவைச் சாத்தியது போல் கேட்டு அடங்குகிறது. தரையில் இருக்கும் சொம்புத் தண்ணீரில் ஒரு வளையம்கூட எழவில்லை.

"லிமிட்டுக்குள்ளதான் இருக்கு ஜீவிதா, எழுதிக்கோ," என்கிறார் சார், கருவியின் பக்கமே திரும்பாமல்.

ஜீவிதா அவர் முதுகையே பார்க்கிறாள். அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காரை நோக்கி நடக்கிறார். கருவியைப் பிடித்த கையை அவள் இன்னும் எடுக்கவில்லை.

"அக்கா... பாத்திரத்தயெல்லாம் மேல எடுத்து வைக்கட்டுமா?"

அங்காளம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் சொம்பைச் சுவரோரம் தள்ளி வைக்கிறாள்.

"கீழவே கெடக்கட்டும்மா. நீங்க வண்டி ஏறுங்க. அப்பாலதான் குவாரிக்காரன் நெஜமா வெடி வைப்பான்."