ஜப்திக்கு நின்ற ஆடுகள்

ஆடுகள் பட்டியில் இருந்தன. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜப்திக்கு ஆள் வருகிறது என்றால் கடன்காரனுக்கு எப்படியும் சேதி போய்விடும். சேதி போனால் ஆட்டை மறைப்பான். போன தடவை அப்படித்தான், வெறும் புழுக்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

இன்று சோலைமுத்துவின் ஆடுகள் அத்தனையும் முள் அடைப்புக்குள் நின்று எங்களை வேடிக்கை பார்த்தன.

அமீனா நந்தகோபால் வாசலில் நின்று கோர்ட்டு உத்தரவை வாசித்தார். அவசரமாக வாசித்தார். காலையில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் யாரோ அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்ததை நான் கவனித்திருந்தேன்.

சோலைமுத்து வீட்டில் இல்லை. நாகலாபுரம் போயிருப்பதாக அவன் பெண்டாட்டி அமீனாவிடம் சொன்னாள். என் பக்கம் திரும்பவில்லை. இரண்டு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அமீனா குடித்தார். நான் தொடவில்லை. நேரம் கடத்துகிற வேலை.

எனக்குப் பணம் பெரிதல்ல. கிணறு வெட்டக் கேட்டான், கொடுத்தேன். ஆள் விட்டுக் கேட்டேன். வக்கீல் நோட்டீஸ் விட்டேன். அவன் பருத்திச் சந்தையில் நாலு பேர் நடுவில், பெரியவர் கௌரவக்காரர், கோர்ட்டுப் படி மிதிக்கமாட்டார் என்று சிரித்தானாம்.

எங்கள் வம்சத்தில் அதுவரை யாரும் மிதித்ததில்லை. நான் மிதித்தேன். தீர்ப்பு வாங்கினேன். அதற்கும் அவன் அசையவில்லை.

இன்றைக்கு இந்த ஆடுகள் ஏலத்துக்குப் போகாவிட்டால் சந்தைப் பக்கம் நான் தலை காட்ட முடியாது.

ஆடுகளை ஏற்ற மினி லாரி ரோட்டில் நின்றது. இவை அவன் ஆடுகள் என்று நான் கை காட்ட வேண்டும். அமீனா எழுதிக்கொள்வார். அவ்வளவுதான் வேலை.

கையைத் தூக்கினேன்.

"எழுதுததுக்கு முன்னால, காதப் பாத்து யாரு ஆடுன்னு சொல்லச் சொல்லுங்க சார். வந்திருக்காவளே, அவியளுக்குத் தெரியாத காதா?" என்றாள் அவள்.

ஏதோ இருக்கிறது என்று பட்டது. பட்டிக்குள் இறங்கினேன்.

கிழட்டுப் பெட்டை ஒன்று தானாகக் கிட்டே வந்தது. இடது காதில் ஆறிப்போன இரட்டை வெட்டு.

எங்கள் வீட்டு வெட்டு.

பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த ஆடும் அது ஈன்ற குட்டிகளும், புருஷன் ஆடுகளோடு மேய்ந்தாலும், பிறந்த வீட்டு வெட்டோடுதான் மேயும். அதில் புருஷனுக்குப் பாத்தியதை கிடையாது. தங்கச்சி வெள்ளைத்தாய் கல்யாணத்துக்கு அப்பா கத்தி பிடித்தார். ஆட்டைப் பிடித்துக்கொண்டவன் நான்.

அடுத்த ஆட்டைப் பிடித்தேன். அதே இரட்டை வெட்டு. அதற்கடுத்த கிடாய்க்கும் அதே. குட்டிக்கும் அதே.

விரல் பிசுபிசுத்தது.

ரத்தம். கிழட்டு ஆட்டைத் தவிர மற்றதெல்லாம் இன்று விடியலில் வெட்டியது.

நான் சந்தேகப்பட்டது தப்பவில்லை.

நிமிர்ந்தேன். வெள்ளைத்தாய் இப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள். தலை குனியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் குனிந்து பழக்கமில்லை.

அமீனா என்னவென்று கேட்டுக்கொண்டே படலைத் திறந்தார்.

ஒரு வார்த்தை போதும். லாரி நிறையும். எங்கள் வீட்டுப் பெண் அப்பாவின் வெட்டைக் கள்ளத்தனமாகப் போட்டாள் என்பதும் கோர்ட்டுக் காகிதத்தில் ஏறும்.

தோள் துண்டை எடுத்து, பக்கத்தில் நின்ற குட்டியின் காதைத் துடைத்தேன்.

"இது எங்க அப்பா என் தங்கச்சிக்குக் கொடுத்த ஆடு சார். இதுல அவன் ஆடு ஒண்ணுகூடக் கிடையாது. எழுதிக்கிடுங்க."

அவர் பேனாவைத் திறப்பதற்குள் கிடாயின் காதையும் துடைத்துவிட்டேன்.