பறவை பார்க்கப் போனவர்

"இன்னிக்குக்கூடவா பறவை பாக்கப் போயிட்டாரு?"

அக்காவுக்கு நம்பவே முடியவில்லை. பிள்ளை கடலோடு போய் இன்றோடு ஒரு வருஷம். பெற்ற அப்பன் என்னடா என்றால், கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு விடியும்போதே கிளம்பிவிட்டாராம்!

தங்கச்சி மடித்த போர்வையையே பிரித்துப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா தங்கச்சி இருவரின் அப்பா கட்டிய வீடு அது. கடலைப் பார்த்த மாதிரி மூன்று அறை. லீவு விட்டால் இரண்டு குடும்பமும் இங்கேதான் கிடக்கும். இனிமேல் யார் வந்து இந்தக் கடலில் குளிக்கப் போகிறார்கள்? விற்றுத் தொலைத்துவிடலாம் என்று சாமான்களை ஒழிக்க வந்திருந்தார்கள். ஒழித்து முடித்ததும் தங்கச்சி அக்காவோடு போகிறாள். புருஷனோடு இல்லை. இனி எப்போதுமே இல்லை. அப்படித்தான் அக்கா முடிவு பண்ணியிருந்தாள்.

"நீயே அவர்கிட்ட சொல்லிடுக்கா. எனக்கு அந்த முகத்தைப் பாக்க முடியல."

"சொல்றேன்டி. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டுத்தான் சொல்லுவேன்."

கேட்கக்கூடியவள்தான். பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ், மைக் இல்லாமலே மைதானம் முழுக்கக் கேட்கிற தொண்டை. செருப்பை மாட்டிக்கொண்டு சதுப்பு நிலத்துப் பக்கம் விடுவிடுவென்று நடந்தாள்.

நாலு வயசுப் பிள்ளை! கூடக் கூட்டிக்கொண்டு போன மனுஷன், கொக்கையும் உள்ளான் குருவியையும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு பிள்ளையைக் கோட்டை விட்டுவிட்டார். "பறவை பாத்த ஞாபகத்துல விட்டுட்டேன்" என்று அவர் வாயாலேயே சொன்னாரே! அன்றைக்கே அவரை 'மாப்பிள்ளை' என்று கூப்பிடுவதை அக்கா விட்டுவிட்டாள்.

பறவை பார்க்கிறவர்களுக்காகப் போட்ட மரக் கொட்டகை. உள்ளே அவரும், டெலஸ்கோப் வைத்துக்கொண்டு தொப்பி போட்ட ஒரு அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வெக்கமா இல்ல உங்களுக்கு?"

தொப்பி அம்மா உதட்டில் விரலை வைத்து "ஷ்ஷ்" என்றாள். வெளியே ஒரு பறவைக் கூட்டமே பதறி எழும்பிப் பறந்தது.

"பறந்து போகட்டும்! பெத்த பிள்ளை போனதுக்கே அசையாதவரு, இதுக்கா அசையப் போறாரு?"

அவர் எழுந்து நின்றார். "வீட்ல இருந்தா அவ என் முகத்துல முழிக்கணும். இன்னிக்கு அது வேண்டாம்னுதான்க்கா..."

"நடிக்காதீங்க! அவ இனி உங்ககூட இருக்க மாட்டா. என்கூட வர்றா. இப்படிப் பிள்ளையைக் கூட்டிட்டு வந்து சாகக் குடுத்துட்டு..."

"வார்த்தையை அளந்து பேசுங்கம்மா." தொப்பி அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அன்னிக்கு இவர் பக்கத்துல நான்தான் உக்காந்திருந்தேன். குழந்தை எங்க வந்தான்? தூங்குறான், எழுப்ப மனசு வரலன்னு சொன்னாரே!"

"மேடம், வேண்டாம். தயவுசெஞ்சு வேண்டாம்" என்று அவர் பதறினார்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை வீட்டிலா இருந்தான்? பின்கதவைத் திறந்தால் கடல் என்பதால், தாழ்ப்பாளைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் அல்லவா வைத்திருந்தார்கள்?

"அப்போ கதவைத் திறந்தது யாரு? அவளா?"

"ஐயோ, அவ இல்ல."

"பின்ன யாரு? சொல்லுங்க!"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு விடியக்காலம் நான் கிளம்பறப்ப நீங்க பின்வாசல்ல நின்னு வெளிநாட்டுல இருக்கிற உங்க மகள்கிட்ட போன் பேசிட்டிருந்தீங்க. கை காட்டினேன், நீங்க கவனிக்கல. திரும்பி வந்தப்ப கதவு ஆன்னு திறந்து கிடந்துச்சு. நீங்களும் அவளும் உள்ள தூங்கிட்டிருந்தீங்க."

அக்காவுக்குப் போன் பேசினது ஞாபகம் இருந்தது. தூக்கம் பாக்கி இருக்கிறதே என்று திரும்பப் போய்ப் படுத்தது ஞாபகம் இருந்தது. தாழ்ப்பாள்? போட்டேனா? போட்டிருப்பேனே... ஒரு வருஷமாக அந்தக் கேள்வியே அவளுக்கு வந்ததில்லை. பிள்ளைதான் அப்பனோடு போயிருந்தானே!

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் சொல்லல? என்கிட்ட இவ்வளவு பேச்சு வாங்கினீங்களே, பாவி மனுஷா, ஏன் சொல்லல?"

"பிள்ளையைத் தூக்கிட்டு வந்து கிடத்தினப்ப அவ உங்க மடியிலதான்க்கா விழுந்தா. என் பக்கம் திரும்பக்கூட இல்ல. அம்மா அப்பா இல்லாதவ. அவளுக்கு இருக்கிறது அந்த ஒரு மடி. அதையும் நான் பிடுங்கிட்டா அவ எங்க போவா?"

அவர் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார்.

"கூட்டிட்டுப் போங்க. நான் தடுக்க மாட்டேன். அவ உசுரோட இருந்தா எனக்கு அது போதும்."

திரும்பி நடக்கும்போது அக்கா தீர்மானமாகத்தான் இருந்தாள். சொல்லிவிட வேண்டும். வாசலிலேயே வைத்துச் சொல்லிவிட வேண்டும். தங்கச்சி காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும்.

தங்கச்சி வாசலில் காத்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"என்னக்கா, உன் முகமே செத்துப் போயிருக்கு? எனக்காக நீ எவ்வளவுதான் தாங்குவே? நீ மட்டும் இல்லன்னா அன்னிக்கே நானும் அந்தக் கடல்ல இறங்கியிருப்பேன்."

அக்கா வாயைத் திறந்தாள். மூடினாள்.

"தப்பு பண்ணிட்டேன்னு இன்னிக்காவது ஒரு வார்த்தை சொன்னாராக்கா?"

"சொன்னாரு" என்றாள் அக்கா. "எல்லாத் தப்பும் தன்னோடதுதான்னு சொன்னாரு."