வெந்நீரில் நான்கு கைகள்

வெந்நீர் பேசினில் வைத்த கையை அரை நிமிஷத்தில் வாண்டு வெளியே எடுத்துவிட்டாள்.

அம்மா பிடித்து மறுபடி உள்ளே வைத்தாள். வாண்டு மறுபடி எடுத்து, இந்த முறை டாக்டரம்மாவின் மூக்குக்கண்ணாடியில் தண்ணீரைத் தெளித்தாள்.

"அரை மணி நேரமாவது ஊறணும்மா," என்றார் டாக்டரம்மா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

அரை மணி நேரமா! இந்த இரண்டரை வயதுக்காரியை ஒரு வாய் சோறு முழுங்கும்வரை உட்கார வைக்கவே வீட்டில் ஆள் போதாது.

மூன்று மாதத்துக்கு முன் அலமாரிக் கண்ணாடி உடைந்து விழுந்ததில் வாண்டின் வலது ஆள்காட்டி விரலில் நரம்பு அறுந்துபோனது. தைத்தார்கள். காயமும் ஆறிவிட்டது. நரம்புக்கு உயிர் வந்துவிட்டதா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. விரலைத் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டால் ஆமா என்பாள். தொடாமல் கேட்டாலும் ஆமாதான். இப்படி ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு டாக்டர் என்ன செய்வார்?

அம்மா தையல்காரி. துணியைத் தொட்ட மாத்திரத்தில் பருத்தியா, கலப்பா என்று சொல்லிவிடுவாள். நுனி மரத்துப்போன விரலோடு தன் பெண் வளர்வதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

நரம்புக்கு உயிர் வந்துவிட்டதா என்று பார்க்கத்தான் இந்த வெந்நீர்.

சுவரில் தோலைப் பல மடங்கு பெரிதாக்கிய படம் ஒன்று தொங்கியது. மேலே அடுக்கடுக்காகச் செதில்கள், அதன் கீழே சுருண்டு கிடக்கும் வியர்வைச் சுரப்பிகள், சிவப்பும் நீலமுமாக ரத்தக்குழாய்கள், அவற்றைச் சுற்றி மஞ்சள் நூல்போல நரம்பு. டாக்டரம்மா அந்த மஞ்சள் நூலைத் தொட்டுக் காட்டினார்.

"தண்ணியில ஊறினா தோல் தானா சுருங்குதுன்னு நினைக்கிறோம். அதெல்லாம் இல்ல. நரம்பு சொல்லணும். அது சொன்னாத்தான் உள்ள ரத்தக்குழாய் இறுகும், மேல்தோல் தொளதொளன்னு மடியும். நரம்பு செத்திருந்தா நாள் பூரா ஊறினாலும் விரல் வழவழன்னேதான் இருக்கும்."

ஆக, வாண்டைக் கேட்கவே வேண்டாம். விரலைக் கேட்டால் போதும்.

அப்பா பள்ளி வேன் ஓட்டுகிறவர். அழுகிற பிள்ளைகளைச் சமாளிப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவர். தள்ளி நின்றபடியே வாயால் ஹாரன் அடித்தார், சடன் பிரேக் போட்டார், ரிவர்ஸ் எடுத்தார். வாண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்த வேகத்தில் கை வெளியே வந்தது.

அம்மா தன் கையையும் பேசினுக்குள் விட்டாள். இது வாண்டுக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்து டாக்டரம்மாவைப் பார்த்தாள். வெளியே அத்தனை கூட்டம் காத்திருந்தும் அவர் கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே விட்டார்.

"அப்பாவும்!"

"அப்பாவுக்குச் சளிடா செல்லம்."

சளிக்கும் கைக்கும் என்ன சம்பந்தம்? அம்மா முறைத்தாள். வாண்டு உதட்டைப் பிதுக்கினாள். அழுகை கிளம்புவதற்குள் அப்பாவின் வலது கை தண்ணீருக்குள் வந்து சேர்ந்தது.

அதன் பிறகு பேசினுக்குள் வேன் ஓடியது. விரல்கள் ஏறின, இறங்கின. டாக்டரம்மாவின் சுண்டுவிரல் தவறான நிறுத்தத்தில் இறங்கி வாண்டிடம் திட்டு வாங்கியது. நர்ஸ் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

ஒருவழியாக எடுக்கச் சொன்னார் டாக்டரம்மா.

அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "அட!" என்று டாக்டரம்மாவின் குரல் கேட்ட பிறகுதான் திறந்தாள்.

மற்ற விரல்களைப் போலவே அந்த விரலும் காய்ந்த திராட்சையாகச் சுருங்கியிருந்தது. ஒரு மடிப்பு குறைவாக இருக்கலாம். சுருங்கியிருந்தது, அவ்வளவுதான் வேண்டும்.

அம்மா அந்த விரலை முகத்தோடு வைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டாள். சுருக்கம் விழுந்ததற்காக இப்படிக் குதித்த பெண் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வாண்டுக்குப் புது விளையாட்டு கிடைத்துவிட்டது. டாக்டரம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்தாள். சுருக்கம். அம்மாவின் கையிலும் சுருக்கம். அப்பாவின் கையைக் காணவில்லை. ஈரத்தோடு அது பேன்ட் பாக்கெட்டுக்குள் போயிருந்தது.

வாண்டு விடுவாளா? இரண்டு கையாலும் இழுத்து வெளியே எடுத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் வரை சரியாக இருந்தது. மோதிர விரலிலும் சுண்டுவிரலிலும் நின்றுவிட்டாள். தடவித் தடவிப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள்.

டாக்டரம்மா அந்த இரண்டு விரல்களையும் தன் பக்கம் இழுத்து, பேனா முனையால் அழுத்தினார். அப்பா பேனாவைக் கவனிக்கவே இல்லை. அம்மாவைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

கண்ணாடி விழுந்தபோது அம்மா வீட்டில் இல்லை. ஆஸ்பத்திரிக்கு அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தபோது அவர் சட்டை முழுக்க ரத்தம், உள்ளங்கையில் சுற்றிய கைக்குட்டை. சும்மா கீறல் என்றார். சட்டையில் இருந்ததெல்லாம் பிள்ளையின் ரத்தம் என்றுதான் அவள் இன்றுவரை நினைத்திருந்தாள்.

"வெளியில போய் இவருக்கும் ஒரு சீட்டு போட்டுட்டு வாங்கம்மா," என்றார் டாக்டரம்மா. "இதையும் தைச்சுப் பாத்துடலாம்."

வீட்டுக்குப் போனதும் இந்த மனுஷனுக்கு இருக்கிறது கச்சேரி என்று நினைத்தபடி அம்மா எழுந்தாள். கதவுவரை போனாள். திரும்பி வந்து, டாக்டரம்மா இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல், வழவழவென்றிருந்த அந்த இரண்டு விரல்களுக்கும் முத்தம் கொடுத்தாள்.

விரல்களுக்கு அது தெரிந்திருக்காது. முழங்கைக்கு மேல் அப்பாவுக்குப் புல்லரித்துப் போயிருந்தது.