மணி ரெண்டே கால்

ஹில்டிங் தன் துப்பாக்கியைச் சிக்னேவின் வேட்டைச் சாமான் கடை மேஜைமேல் வைத்துவிட்டு, இதன் குறிபார்க்கும் ஸ்கோப் உள்ளே மங்கிப்போய்விட்டது, புதிதாக ஒன்று வேண்டும் என்றான்.

சிக்னே பழைய ஸ்கோப்பைக் கழற்றிக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். ஆற்றுக்கு அக்கரையில் நின்ற பிர்ச் மரத்தின் இலைகளைக்கூட எண்ணிவிடலாம் போலிருந்தது.

"ஆமா, மங்கலாத்தான் இருக்கு," என்றாள்.

காலையிலிருந்து கடையில் நின்று அவளுக்குக் கால் கடுத்தது. அதைவிட, இந்த வாரம் முழுக்க வந்துபோனவர்கள்தான் அவளை அலுக்க வைத்திருந்தார்கள். வேட்டைக் குழுவில் ஹில்டிங்கைத் தவிர எட்டுப் பேர். அதில் ஏழு பேர் தனித்தனியாக வந்து, வாங்கப்போகாத எதையாவது எடுத்துப் பார்த்து, தொண்டையைச் செருமி, ஹில்டிங்கிடம் நீதான் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு நழுவியிருந்தார்கள்.

எட்டாவது ஆள் அவள் மகள் அன்னேலி. அவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

போன செப்டம்பரில் ஹில்டிங் சுட்ட தோட்டா மூஸ் மானை விட்டுவிட்டு, அன்னேலி உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்துப் பைன் மரத்தில் பாய்ந்தது. அவள் தொப்பிமேல் மரப்பட்டை சிதறி விழுந்தது.

அன்று சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து காபி குடித்தார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான். வீடே பற்றி எரிந்தாலும், லேசாகப் புகை வாசனை வருகிறதோ என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

இன்னும் நாலு நாளில் வேட்டை. காட்டில் மானுக்காகக் காத்திருந்து சுடும் இடங்களில் ஏழாவது முப்பது வருஷமாக ஹில்டிங்குடையது. அதற்குப் பக்கத்து ஆறாவது இடம் அன்னேலிக்கு.

நன்றாகப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பாகக் கொடு என்றான் ஹில்டிங். அடர்ந்த காட்டில், எழுபது எண்பது மீட்டரில் ஓடும் மானுக்கு அது உதவாது. மான் எங்கே, மரம் எங்கே என்று தெரியாமல் வெறும் ரோமம்தான் கண்ணில் படும். அது சிக்னேவுக்குத் தெரியும். ஹில்டிங்குக்கும் தெரியும், அவனே பத்துப் பேருக்குச் சொன்னதுதான்.

இருந்தும் எடுத்துக்கொடுத்தாள்.

அதன் முன்கண்ணாடி அகலமாக இருந்தது. ஸ்கோப்பைத் துப்பாக்கிமேல் தாங்கிப் பிடிக்கும் பழைய மவுண்டில் வைத்துப் பார்த்தால் துப்பாக்கிக் குழாயில் இடித்தது. உயரமான மவுண்ட் ஒன்றை அலமாரியிலிருந்து டப்பாவோடு எடுத்து வைத்தாள். உயரம் கூடினால் கன்னம் கட்டையில் சரியாகப் படியாது, சுடும்போது ஸ்கோப் வந்து புருவத்தைக் கிழிக்கும் என்று எச்சரித்தாள்.

ஹில்டிங் வலது புருவத்தில் இருந்த பழைய தழும்பைத் தடவிக்கொண்டு, இடது பக்கம் காலியாகத்தானே இருக்கிறது என்றான்.

சிரிக்க அவளுக்குத் தெம்பில்லை.

ஸ்கோப் வாங்க யார் வந்தாலும் பின்ஜன்னலுக்குப் போய், அக்கரையில் இருக்கும் தேவாலயக் கோபுரத்துக் கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்ல வேண்டும். அது அந்தக் கடை வழக்கம். ஹில்டிங் ஸ்கோப்பை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனான். கண்ணில் வைத்து, மெதுவாக மூச்சை விட்டான்.

"ரெண்டே கால். முள்ளு ரெண்டும் சுத்தமாத் தெரியுது."

கோபுரத்தில் கடிகாரமே இல்லை. பொன்முலாம் பூசுவதற்காக மூன்று நாள் முன்பு கழற்றி இறக்கியிருந்தார்கள். அந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் ஒன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. கடைக்குள் நின்ற சிக்னேவுக்கு ஸ்கோப் இல்லாமலே அது தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு. அவளுக்குக் கண்ணாடி வாங்கித் தரும் வரைக்கும் ஒரு வருஷம் முழுக்க, கரும்பலகையில் இருப்பதைக் காதோரம் வாசித்துக் காட்டியவன் அவன். அவனிடம் போய், உனக்குக் கண் தெரியவில்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. மரப்பட்டை ஒட்டிய தொப்பியும் நினைவில் வந்து நின்றது.

"மணி சரிதான். ஆனா இந்த மவுண்ட் உன் துப்பாக்கிக்குச் சேராது, ஹில்டிங். ஆர்டர் போடணும். வேட்டை முடிஞ்சுதான் வரும். அதுவரைக்கும் துப்பாக்கி இங்கயே இருக்கட்டும்."

டப்பாமேல் அவன் துப்பாக்கியின் பெயரே கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது.

ஹில்டிங் வாயால் சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தான். ஸ்வீடனின் வடகோடியில் சரி என்று சொல்ல அது போதும்.

கோட்டுப் பையிலிருந்து துப்பாக்கியின் போல்ட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தான். அது இல்லாமல் துப்பாக்கி சுடாது. மவுண்ட் பொருத்த அது வேண்டியதும் இல்லை. எல்லாரும் அதை வீட்டில் பூட்டி வைத்துவிட்டுத்தான் கடைக்கு வருவார்கள்.

வேட்டை வாரத்தில் குழுவின் குடிசையில் எல்லாருக்கும் குழம்பு கொதிக்க வைக்க ஆள் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றாள்.

கதவு வரைக்கும் போனவன் திரும்பி வந்தான். மவுண்ட் டப்பாவை எடுத்து, எழுத்து தெரியாதபடி கவிழ்த்து வைத்தான்.

"திங்கக்கிழமை அந்தக் கடிகாரத்த எறக்குனப்ப, கயிறு பிடிச்ச நாலு பேர்ல நானும் ஒருத்தன்," என்றான். "செம கனம், சிக்னே."