மரத்துக்கு ஒரு வாக்கியம்

பேசத் தெரிந்த சமுதாயமே பூமியை ஆளும் என்பது ஐயாசாமி வாத்தியாரின் திடமான நம்பிக்கை.

அவர் ஆண்டது, மலாயாவில் சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஓர் அறைப் பள்ளிக்கூடத்தை. மழை பெய்தால் அதிலும் பாதியைத்தான்.

முப்பத்து நாலாம் வருஷம் ஒரு ஞாயிறு மாலை, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை முன்னிலையில் அங்கே 'மாணவரே பேசும் மாநாடு' கூடியது. புதிய முறை. வாத்தியார் வாயை மூடிக்கொள்வார். பிள்ளைகள் தாங்களே எழுந்து பேசி, தன்னம்பிக்கையும் சொந்தக் குரலும் பெறுவார்கள்.

பேச்சை மட்டும் வாத்தியார் எழுதிக் கொடுத்துவிடுவார்.

வரவேற்புரையும் அவருடையதுதான். அபாரமாகப் பேசினார். "எழுமின் சிங்கங்களே!" என்று அவர் கூவியபோது கூரையிலிருந்து ஒரு பல்லி விழுந்தது.

அடுத்தது வெள்ளையம்மா. தலைப்பு, 'சுத்தமும் சுகமும்'.

பத்து வயதுப் பெண். வகுப்பில் பேர் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' என்பதைக்கூடப் பக்கத்துப் பிள்ளைதான் அவளுக்காகச் சொல்லும்.

"இன்னிக்கும் வாயத் தொறக்கலன்னா நாளைக்கே புல்லு வெட்டப் போயிரு. ஊமைக்கு எதுக்கு ஸ்கூலு?" என்று அவளுடைய அப்பா காளியப்பன் காலையிலேயே சொல்லியிருந்தார். இப்போது துண்டும் தோளுமாக வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வாத்தியார் அவளுக்கு ஓர் உபாயம் சொல்லிக் கொடுத்திருந்தார். "மரத்த ஆளா நெனச்சுப் பேசிப் பழகு புள்ள. மேடைக்கு வந்ததும் ஆள மரமா நெனச்சுக்க. அவ்ளோதான்."

வெள்ளையம்மா அப்படியே பழகினாள். விடிகாலையில் அம்மா ஒவ்வொரு ரப்பர் மரமாகச் சீவிக்கொண்டு போவாள். பின்னாலேயே இவள், பால் வடியும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து வைத்துக்கொண்டு போவாள். முழுப் பேச்சையும் கேட்டு முடிக்கும்வரை எந்த மரத்தடியிலும் அம்மா நிற்கமாட்டாள். ஆகவே மரத்துக்கு ஒரு வாக்கியம்.

மேடையில் ஏறியவள் கூட்டத்தைப் பார்த்தாள். இறங்கினாள். நேரே முன்வரிசைக்குப் போய்த் துரையின் எதிரே நின்றாள்.

"தினந்தோறும் பல் துலக்க வேண்டும்."

துரைக்குத் தமிழ் தெரியும். சுருட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

ஓர் எட்டு நகர்ந்தாள். அங்கே தோட்டத்து ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியின் மனைவி கத்தரின் அம்மாள்.

"தலையில் பேன் சேர விடலாகாது."

கத்தரின் அம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அடி ஆத்தி!" என்றது பின்வரிசை.

அடுத்த நாற்காலி ஆஸ்பத்திரி டிரஸர் ரோலண்ட்.

"கை கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது."

டிரஸர் பாதி வடையைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

அப்போதுதான் வாத்தியாருக்கு விஷயம் விளங்கியது. பேச்சு அவர் எழுதியது. அடுத்த வாக்கியம் கள்ளைப் பற்றியது. அடுத்த நாற்காலியில் பெரிய கிராணி கிரகோரி கோட்டு, டையுடன் உட்கார்ந்திருந்தார்.

கிரகோரி தோட்டத்து மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர். கள்ளை அவர் தொட்டதே இல்லை, பிராந்திதான். அந்த நுட்பமான வேறுபாட்டை லயத்துக் கூலி ஜனங்கள் மதிப்பதில்லை. வாத்தியாரை வைத்துக்கொள்வதும் வீட்டுக்கு அனுப்புவதும் அவர் கையில்தான்.

வாத்தியார் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து வந்தார். டிரஸருக்கும் கிராணிக்கும் நடுவே அதைச் சொருகி உட்கார்ந்தார்.

"என்ன மிஸ்டர் ஐயாசாமி, வேற எடமே இல்லியா?"

"அங்க வெயில் அடிக்குதுங்க."

வெளியே தூறிக்கொண்டிருந்தது.

வெள்ளையம்மாவுக்கு எல்லாம் மரம்தான். நடுவில் ஒன்று புதிதாக முளைத்ததில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை. ஓர் எட்டு நகர்ந்து, வாத்தியார் முகத்துக்கு நேராக நின்றாள்.

"கள் நாற்றம் வீசும் வாய், பேசத் தகுந்த வாய் அன்று."

ஒரு குலத்தையே காப்பாற்றிய பெருமையுடன் வாத்தியார் நெஞ்சை நிமிர்த்தி அந்த வாக்கியத்தை வாங்கிக்கொண்டார். சபாஷ் என்று சொல்லவும் வாயைத் திறந்தார்.

அவள் நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை. மூக்கைச் சுளித்தாள். இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து மோந்து பார்த்தாள்.

"ஐயா, ஒங்க வாயும் நாறுதுங்கையா!"

எழுதிக் கொடுத்த பேச்சில் அது இல்லை. சொந்தமாக யோசித்து, சொந்தக் குரலில், கூரை அதிரச் சொன்னாள். கேட்கவில்லை என்று வாசலில் நின்றவர்கள்கூடச் சொல்ல முடியாது.

துரை தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "கிராணி! இந்தக் குட்டி ரொம்ப நல்லா பேசுது. ஸ்கூல்லயே வையி."

"சரிங்க தொரை!" என்று வாசலிலிருந்து முதலில் குரல் கொடுத்தவர் காளியப்பன். அவரை யாரும் கேட்கவில்லை.

மிச்சமிருந்த வாக்கியம் கிரகோரிக்குக் கிடைத்தது. "நன்றி, வணக்கம்." அவர் எழுந்து நின்று கும்பிட்டு, எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டினார்.

வாத்தியாருக்குக் கூட்டத்தைக் கண்டால் தொடை நடுங்கும். வரவேற்புரைக்காக மதியமே கள்ளுக்கடைக்குப் பின்பக்கமாகப் போய் ஒரு கிளாஸ் குடித்திருந்தார்.